சகோதரி வருத்தமில்லை என்றார்

தொட்டியில் தண்ணீர் நிரப்புவது என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறிலிருந்து எங்கள் ஊர் மெப்சியின் பாப்டிஸ்ட் சேப்பலில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும், முதல் நாள் சனிக்கிழமை பிரசங்க மேடைக்கு முன்னால் இருக்கும் தரைப் பலகைகளைத் தூக்கி, அடியில் இருக்கும் செங்கல் தொட்டியைக் கழுவி, வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற்றியவன் நான்தான். ஆரம்பத்தில் தோளில் நுகக்கட்டை மாட்டி இரண்டிரண்டு வாளியாக. பிறகு கைப்பம்பு வந்தது. பிறகு குழாய். நான் நிரப்பிய தண்ணீரில் அறுபது எழுபது பேர் முழுகி எழுந்திருப்பார்கள். நான் முழுகியதில்லை.

அதற்குக் காரணம் என் அப்பா. அவர் பேர் லீவை ஹேலாக், என் பேர் ஓபெட். வாய்க்காலில் கூடை போட்டு விலாங்கு மீன் பிடிப்பார். முப்பத்தொன்றாம் வருஷம் அவருக்குத் தானும் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் சபையில் அது நினைத்த மாத்திரத்தில் நடக்காது. எல்லா அங்கத்தினர்களுக்கும் முன்னால் நின்று, கர்த்தர் தன்னிடம் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். சொன்னவனை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே கை தூக்கி முடிவு செய்வார்கள். அப்பா வெளியே போய்க் குதிரைக் கொட்டிலில் நின்றார். உள்ளே ஒருத்தர் எழுந்து, லீவை ஞாயிற்றுக்கிழமை காலையில் விலாங்குக் கூடையைத் தூக்குகிறான், ஓய்வுநாளை மதிக்கிறவன் இல்லை என்றார். வெயில் காலத்தில் கூடையைத் தூக்காமல் விட்டால் விலாங்கு செத்து நாறிவிடும் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. எதிராகப் பதினாலு கை. ஆதரவாகப் பதினொன்று. மூப்பர் ஐசக் ஃபைசன் கொட்டிலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற குதிரையைத் தடவிக்கொண்டே சொன்னாராம்.

அப்பா அதன்பிறகு உள்ளே போகவில்லை. எங்களை மட்டும் அனுப்பினார். அனுப்பும்போது சொல்வார்: "கேட்டுட்டு வாங்க. ஆனா எவனும் உங்க மேல கை தூக்குற மாதிரி வச்சுக்காதீங்க." நான் வைத்துக்கொள்ளவில்லை. பாட்டுப் பாடினேன், பிரசங்கம் கேட்டேன், தண்ணீர் ஏற்றினேன். அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டு மே மாதம் கெசாயா பெட்டிட் ஞானஸ்நானம் எடுத்தாள். எல்லாரும் கெஸ்ஸி என்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கீழ்விளிம்பில் ஈயக் குண்டு வைத்துத் தைத்த வெள்ளை அங்கி. தண்ணீரில் மேலே கிளம்பாமல் இருப்பதற்கு. எங்கள் வாய்க்கால் தண்ணீர் கறுப்பு மண்ணில் ஊறி வருவதால் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். தொட்டியின் அடி தெரியாது. போதகர் அவளை முழுக்கினார், தூக்கினார். தூக்கியவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றார். ஆவி இறங்கிவிட்டது என்று முன் பெஞ்சில் யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். கெசாயா தண்ணீருக்குள் கையை விட்டாள், அங்கியைச் சுருட்டிப் பிடித்தாள், படியேறிப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து நான் சேப்பலுக்குப் பின்னால் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடி சொட்டச் சொட்ட வந்து நின்றாள். கையில் ஒரு வாளி. வாளிக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு விலாங்கு.

"இது உன்னோடதுன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

"சல்லடை கட்டித்தான் ஏத்தினேன்."

"ஓட்ட சல்லடை. ஞாயித்துக்கிழம பிடிச்சது வேற. மூப்பர் காதுல விழாம பாத்துக்க."

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. அன்றைக்கு அந்த வாளியை வாங்கியபோது இவளை நம்பலாம் என்று தோன்றியது. ஐம்பத்தொன்று பிப்ரவரியில் கல்யாணம் செய்துகொண்டோம். சேப்பலில் வேண்டாம், டவுனில் பதிவாளர் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சரி என்றாள். நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாளே என்று எனக்குப் பெருமை. அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. ஞானஸ்நானம் எடுத்த அங்கத்தினர்கள் மேஜையைச் சுற்றி முன் பெஞ்சுகளில் போய் உட்காருவார்கள். அப்பமும் திராட்சரசமும் அவர்களுக்கு மட்டும். என்னைப் போல சும்மா கேட்க வருகிறவர்கள் பின்னால் இருப்போம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போவோம். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் திருவிருந்தில் கெஸ்ஸி என் பக்கத்திலிருந்து எழவில்லை.

"போகலியா?" என்று முணுமுணுத்தேன்.

"முன்னாடி காத்து அடிக்குது. இங்க கணப்படுப்பு இருக்கு" என்றாள்.

அடுத்த மாதம் முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த மாதம் நான் கேட்கவில்லை. எனக்குத் துணையாக உட்காருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கோடையில் கணப்படுப்பு அணைந்துதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் உறைக்கவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுபத்தாறில், திருவிருந்துக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்த கிழவி இறந்துபோனாள். மெப்சியில் கெஸ்ஸி மாதிரி ரொட்டி சுடுகிறவள் கிடையாது. மூப்பர் வீட்டம்மா வந்து கேட்டாள், கெஸ்ஸி தலையாட்டினாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் சனிக்கிழமை சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, பின்னறையில் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டு வந்து பின் பெஞ்சில் உட்காருவாள். அந்த அப்பத்தை முன்னால் பிட்டுக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் ஏதோ தவறு இருக்கிறது என்று மெப்சியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் வெளிவந்தது தொண்ணூற்றெட்டில். சேப்பல் கட்டி இருநூறு வருஷம் ஆகிறது என்று ஜூனில் ஒரு விசேஷ ஆராதனை வைத்தார்கள். அதற்குள் அங்கத்தினர்கள் ஒன்பது பேராகக் குறைந்திருந்தார்கள். நிரந்தரப் போதகர் கிடையாது. வாரம் ஒருத்தர் வெளியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போவார். மிஸ் ப்ரவுஸ் என்று ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா, சேப்பலின் சரித்திரத்தைச் சின்னப் புத்தகமாக எழுதுகிறேன் என்று கிளம்பினார். மெப்சிக்கு வந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. புது ஆள். எனக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு.

ஏப்ரலில் ஒரு நாள், பம்பு எந்த வருஷம் போட்டது என்று கேட்க என்னைச் சேப்பல் பின்னறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பழைய சபைப் புத்தகங்கள் நாலைந்து விரித்துக் கிடந்தன. யார் சேர்ந்தார், யார் செத்தார், யாரை நீக்கினார்கள், எல்லாம் அதில் இருக்கும். எனக்குப் படிப்பு குறைவு. மூப்பர்களின் கையெழுத்து எனக்குக் கோழி கிளறின மாதிரி. அவரே படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பம்பு விஷயம் முடிந்தது. கொஞ்சம் தயங்கினார்.

"மிஸ்டர் ஹேலாக், இந்தப் பக்கம் உங்க வீட்டு விஷயம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான். புத்தகத்துல போடலாமா வேண்டாமான்னு உங்களையும் மிஸஸ் ஹேலாக்கையும் கேக்கணும்னு இருந்தேன்."

"படிங்க."

படித்தார். "மார்ச் 1951. நம் சகோதரி கெசாயா பெட்டிட், விசுவாச வீட்டாரில் ஒருவராக இல்லாத மனிதரை மணந்துகொண்டபடியால், தன் வருத்தத்தைத் தெரிவிக்கும்வரை திருவிருந்திலிருந்தும் அங்கத்தினர் பட்டியலிலிருந்தும் விலக்கப்படுகிறார்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதீங்க. இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"படிங்க."

"மார்ச் 1952. இரு மூப்பர்கள் சகோதரியை வீட்டில் சந்தித்தோம். வருத்தமா என்று கேட்டோம். சகோதரி வருத்தமில்லை என்றார். மார்ச் 1953. சந்தித்தோம். சகோதரி வருத்தமில்லை என்றார். மார்ச் 1954. சந்தித்தோம். வருத்தமில்லை. கேக் கொடுத்தார். மார்ச் 1955. சந்தித்தோம். வருத்தமில்லை. கேக் கொடுத்தார்."

மார்ச்! எங்கள் வீட்டில் மார்ச் மாதம் ஒரு சீமைச் சோம்புக் கேக் காணாமல் போகும். நான் வாய்க்காலில் தூர் வாரிவிட்டு வந்து, காலையில் முழுதாக இருந்த கேக் எங்கே என்றால், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்பாள். எங்கள் பக்கத்து வீடு ஒரு மைல்.

மிஸ் ப்ரவுஸ் அடுத்த வரியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மார்ச் 1956. சந்தித்தோம். வீட்டில் துக்கம். கேள்வி கேட்கவில்லை. விறகு பிளந்து போட்டுவிட்டு வந்தோம்."

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அந்தப் பிப்ரவரியில். நாலு நாள் இருந்தாள். அதன்பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் விறகெல்லாம் பிளந்து அடுக்கியிருந்தது. என் தம்பி வந்துவிட்டுப் போனான் என்று நினைத்தேன். அவனிடம் நன்றிகூடச் சொன்னேன். அந்தப் பயல் வாங்கிக்கொண்டான்.

மிச்சத்தையும் படிக்கச் சொன்னேன். 1959: நெடுநேரம் யோசித்தபின் வருத்தமில்லை என்றார். 1961: போன வருஷத்தைவிடவும் வருத்தம் குறைவு என்றார். 1963: கடும் பனி, போக முடியவில்லை, வருத்தமில்லை என்று தபால்காரர் மூலம் சொல்லியனுப்பினார். அந்த வருஷக் கோடையில் ஐசக் ஃபைசன் இறந்தார். அதோடு எழுத்தும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு நடந்தேன். இரண்டு மைல். எதைப் பார்த்துக்கொண்டு போனேன் என்று கேட்டால் தெரியாது.

கெஸ்ஸி நாற்காலியில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முன்னெல்லாம் நின்றுதான் பிசைவாள். அவளுக்கு இதயத்தில் வால்வு தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் தாங்காது, இன்னொரு குளிர்காலத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டவுன் டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

"மார்ச் மாசம் யாரு வந்தா?" என்றேன்.

"எந்த மார்ச்?"

"எல்லா மார்ச்சும்."

கை நின்றது. "அந்த ப்ரவுஸம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"ஐசக் ஃபைசனத் தூக்கித் தொட்டியில போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல. பாவம், அவருக்கு அப்பவே மூட்டுவலி."

"ஒரு வார்த்த, கெஸ்ஸி. வருத்தமா இருக்குன்னு சும்மா ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எவன் சொல்லல பொய்?"

"பொய் சொல்லி வாங்குன அப்பம் தொண்டையில எறங்குமா?" மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்து விட்டாள். "அதுவுமில்லாம, வருஷத்துக்கு ஒரு தடவ ஆள் வந்து, ஓபெட்டக் கட்டிக்கிட்டதுக்கு வருத்தமான்னு கேட்டா, நல்லதுதானே? ஒக்காந்து நெதானமா யோசிச்சுப் பாக்கலாம். எத்தன பொண்டாட்டிக்கு அந்த வசதி கெடைக்கும்? அம்பத்தொம்பதுல ரொம்ப நேரம் யோசிச்சேன்."

"அம்பத்தொம்பதுல என்ன?"

"அந்த மோட்டார் சைக்கிள் வாங்குனியே, மறந்துட்டியா? ஓடவே ஓடாதே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "உனக்கு அந்த அப்பம் வேணும்னு இருக்கா?" என்றேன்.

விரலில் ஒட்டிய மாவை மெதுவாக உருட்டி எடுத்தாள். மூச்சுக்காகவா யோசனைக்காகவா தெரியவில்லை.

"ஒரு தடவ" என்றாள். "கண்ண மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ போதும். ஆனா வருத்தம்னு மட்டும் சொல்ல மாட்டேன். நாப்பத்தேழு வருஷம் சொல்லாதத இப்ப சொன்னா அசிங்கம்."

அவள் வருத்தம் சொல்ல மாட்டாள் என்றால் மிச்சம் இருந்தது ஒரே வழி. விலக்கியதற்குக் காரணம் நான். நான் முழுகிவிட்டால் காரணம் போய்விடும்.

மறுநாள் வில்ஃப் ஃபைசன் வீட்டுக்குப் போனேன். ஐசக்கின் மகன். இப்போது அவன்தான் மூப்பர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். கண்ணாடிக் கொட்டகையில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான்.

"தொட்டியத் தொறக்கணும்டா."

"யாருக்கு? ஒருத்தரும் கேக்கலியே."

"எனக்கு."

வில்ஃப் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "என்னடா சொல்ற? எழுபத்தாறு வயசுல? எதுக்கு?"

"கெஸ்ஸிக்கு அப்பம் கெடைக்கணும்."

"அந்தக் காரணத்துக்கு எப்படிடா கை தூக்கறது? கர்த்தர் உன்கிட்ட என்ன செஞ்சார்னு சொல்லணும்."

"அவளக் குடுத்தார். வேற சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. வேணும்னா கொட்டில்ல போய் நிக்கறேன். நீங்க தூக்குங்க, இல்ல தூக்காமப் போங்க."

இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்பா கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

வில்ஃப் நெற்றியைச் சொறிந்தான். "ஓபெட், கெஸ்ஸிக்கு அப்பம் கெடையாதுன்னு யாரு சொன்னா?"

"உங்கப்பா."

"அது அம்பத்தொண்ணுல. வெளியில கல்யாணம் பண்ணா வெலக்கறதுங்கற விதிய எழுவத்தினாலுல எடுத்தாச்சேடா. கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். அப்படி வெலக்கினவங்க எல்லாரும் அங்கத்தினர்தான்னு முடிவு பண்ணினோம். எல்லாரும்னா என்ன, உயிரோட இருந்தது கெஸ்ஸி ஒருத்திதான்."

நான் பிடித்திருந்த குச்சி ஒடிந்தது.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"அது அங்கத்தினர் கூட்டம்டா. கூட்டத்துல நடந்தத அங்கத்தினருக்குத்தான் சொல்றது. அவ அப்ப அங்கத்தினர்..."

நின்றான். தான் சொல்லிக்கொண்டிருப்பது அவன் காதில் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"இருபத்தினாலு வருஷம்டா" என்றேன்.

"அவ உனக்காகத்தான் பின்னாடி ஒக்கார்றான்னு நெனச்சோம் ஓபெட். எங்கம்மாவே சொன்னாங்க, கெஸ்ஸி புருஷனத் தனியா விட்டுட்டு முன்னாடி வர மாட்டா, வா வான்னு கூப்பிட்டு அவளச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு. மரியாதைக்குத்தான் கேக்கல."

"மரியாத! மாசா மாசம் அவ சுட்டத வாங்கித் தின்னீங்களேடா. அப்ப எங்கடா போச்சு அந்த மரியாத?"

வில்ஃப் தக்காளிச் செடியின் ஒரு இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். அவன் அப்பாவும் இப்படித்தான் குதிரையைத் தடவியிருப்பார். ஆனால் இவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் திட்ட எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கெஸ்ஸியிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்து மூச்சு வாங்கி, நான் முதுகைத் தடவிவிடும்படி ஆயிற்று. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருநூத்தியெம்பத்தெட்டு அப்பம்" என்றாள். எப்போது கணக்குப் போட்டாள் என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழம போய் முன்னாடி ஒக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நானாப் போயா? மாட்டேன்." திரும்பினாள். கன்னம் ஈரமாக இருந்தது, ஆனால் அந்த மோவாயை எனக்குத் தெரியும். "வருத்தமான்னு கேக்கறதுக்கு வருஷா வருஷம் வீடு தேடி வந்தாங்கல்ல? இப்ப அவங்க வருத்தத்தச் சொல்லவும் வரட்டும். ரெண்டு பேர். அதான் வழக்கம். அப்ப வந்த மாதிரி சைக்கிள்ல வரட்டும்."

"வில்ஃபுக்கு அறுவத்தெட்டு வயசுடி."

"அவங்கப்பாவும் அந்த வயசுலதான் வந்தார்."

வந்தார்கள். மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வாய்க்கால் கரையில் எதிர்காற்றில் இரண்டு சைக்கிள் ஆடி ஆடி வருவது தூரத்திலேயே தெரிந்தது. வில்ஃப் தன் மகளுடைய சைக்கிளில், முட்டி கைப்பிடியில் இடிக்க. பின்னால் மிஸ் ப்ரவுஸ், தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கெஸ்ஸி காலையிலேயே கேக் செய்து வைத்திருந்தாள்.

"நீ வாய்க்காலுக்குப் போ" என்றாள் என்னிடம்.

"நான் ஏன் போகணும்?"

"அவங்க வரும்போது நீ இருக்கறதில்ல. அதான் வழக்கம்."

கோழிக்கூண்டு வரைக்கும் போனேன். அங்கே நின்றால் சமையலறையில் பேசுவது ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்கும்.

வில்ஃப் தொண்டையைச் செருமினான். மூன்று தடவை. "சகோதரி கெசாயா, சபை சார்பா... எங்கப்பா சார்பாவும்... எழுவத்தினாலுலயே வந்து சொல்லியிருக்கணும். அம்பத்தொண்ணுல செஞ்சதே தப்பு. வருத்தப்படறோம். நானும் வருத்தப்படறேன். ஓபெட் வந்ததுலேர்ந்து தெனமும் தோணுது."

ஒரு கோழி கொக்கரித்தது.

"எவ்வளவு?" என்றாள் கெஸ்ஸி.

"எவ்வளவுன்னா?"

"சும்மா கேட்டேன். கேக் எடுத்துக்க." தட்டு நகரும் சத்தம். "உங்கப்பா நல்ல மனுஷன் வில்ஃப். கேக்கும்போதே அவருக்குத்தான் வேர்க்கும். அம்பத்தாறுல ஒண்ணும் கேக்காம விறகு பொளந்து போட்டுட்டுப் போனார். அது புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு" என்றார் மிஸ் ப்ரவுஸ். "அதையும் போடலாமா?"

"எல்லாத்தையும் போடுங்க. மோட்டார் சைக்கிள மட்டும் விட்டுடுங்க. அவர் கோழிக்கூண்டுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருக்கார், சங்கடப்படுவார்."

அன்று சாயங்காலமே வில்ஃப் சபைப் புத்தகத்தில் எழுதினான். மிஸ் ப்ரவுஸ் பிறகு எனக்குக் காட்டினார். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மே 1998. இருவர் சகோதரியை வீட்டில் சந்தித்தோம். சபை வருத்தம் தெரிவித்தது. சகோதரி கேக் கொடுத்தார்."

ஜூன் முதல் ஞாயிறு சேப்பல் நிரம்பியிருந்தது. பக்கத்துச் சபைகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கெஸ்ஸிக்காக முன் பெஞ்சில், மேஜைக்கு நேரே, மெத்தை போட்டு இடம் வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், தலையசைத்தாள், என்னோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"முன்னாடி போ" என்றேன்.

"காத்து அடிக்கும்" என்றாள்.

வெளியூர்ப் போதகர் அப்பத்தைப் பிட்டார். தட்டு முன் பெஞ்சுகளில் சுற்றியது. வில்ஃப் அதை வாங்கிக்கொண்டு நடுவழியில் பின்னால் நடந்து வந்தான். அந்தப் பலகைத் தரையில், என் தொட்டிக்கு மேல் நடக்கும்போது, கால் சத்தம் மாறும். உள்ளே வெற்றிடம் இருப்பதால். அந்தச் சத்தம் மாறி மறுபடி பழையபடி ஆனது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வில்ஃப் எங்கள் பெஞ்சுக்கு அருகில் வந்து தட்டை நீட்டினான்.

கெஸ்ஸி ஒரு துண்டு எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ஏதோ சொல்லிற்று, எனக்குக் கேட்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, அந்தத் துண்டை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடிவிட்டாள்.

நான் முழுகாதவன். எனக்குக் கிடையாது. அந்த விதி இன்னும் அப்படியே இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. வில்ஃபைப் பார்த்தேன். அவன் கூரையில் ஒழுகின கறை ஒன்றை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெஸ்ஸி தன் பாதியை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"காய்ஞ்சு கெடக்கு" என்று என் காதில் சொன்னாள். அவள் ரகசியம் மூன்று பெஞ்சுக்குக் கேட்கும். "சனிக்கிழம சுட்டா இப்படித்தான் ஆகும். இத்தன வருஷமா இதையா தின்னாங்க? அடுத்த மாசம் ஞாயித்துக்கிழம காலையிலயே அடுப்பப் பத்தவச்சுச் சுட்டுக் கொண்டாந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேலை; அப்பாவுக்கு எதிராகப் பதினாலு கை எழுந்தது இதற்குத்தான். சிரிப்பை அடக்கியதில் வில்ஃபின் தோள் ஒரு தடவை குலுங்கிற்று. தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக முன்னால் நடந்தான்.

என் பாதியை நான் தின்றேன். காய்ந்துதான் இருந்தது.